ஓவர்மாரோ

கீழக்கரை, 1983. பகல் வெயில் முற்றத்தில் சதுரமாக விழுந்து கிடக்கிறது. இப்போதுதான் வந்த தந்தியைக் காலிதா விரித்துப் பிடித்திருக்கிறாள். துபாயிலிருந்து கணவன் சுஐபு மூன்று வருடம் கழித்து வருகிறான். என்றைக்கு என்பதுதான் விளங்கவில்லை. ‘ஓவர்மாரோ’ என்று அடித்திருக்கிறான். நாத்தனார் ஜுனைதாவின் விரல் தடித்த அகராதியில் ஊர்ந்து நிற்கிறது.

“நாளை மறுநாளாம், மதினி. பழங்காலத்து இங்கிலீசு. எங்க சுஐபு காக்காவுக்குத் துரைன்னு நெனப்பு.”

“அப்ப வெள்ளிக்கிழமை. வட்டலாப்பம் அவிக்க நேரமிருக்கு.”

ஜுனைதா தந்தியை வாங்கித் தேதியைப் பார்க்கிறாள். “இது திங்கக்கிழமை அடிச்சது. இன்னைக்குப் புதன்.”

இருவரும் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள்.

“தலையாவது சீவுங்க, மதினி.”

“அவரு மொதல்ல வந்து சேரட்டும்” என்கிறாள் காலிதா. எப்போதும் ஒருக்களித்தே இருக்கும் வாசல் கதவை விரியத் திறந்து வைக்கிறாள்.