நூலக வாசல்

“பொண்ணை விட்டுட்டுப் போக மனசு வரலைன்னா, மொதல்ல மேல வந்து பாரு தங்கச்சி. பாத்துட்டு அப்புறம் கையெழுத்துப் போடு.”

நீலத் தொப்பிக்காரர் விடுதிப் படியில் முன்னால் ஏறினார். தொப்பியில் இருந்த பல்கலைக்கழக முத்திரை சாயம் போயிருந்தது. சுற்றிக் காட்ட இப்படி அக்கறையான ஆளை வேலைக்கு வைத்திருக்கிறார்களே என்று சலவைக்காரிக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

இருபது வருடமாக ஒரு ஆஸ்பத்திரியில் ரத்தக்கறைத் துணி வெளுக்கிறவள் அவள். புருஷன் இல்லை, ஒரே மகள். நாலு மணிக்குள் சேர்க்கைத் தாளில் கையெழுத்துப் போடாவிட்டால் மகளின் இடம் வேறு யாருக்காவது போய்விடும். போட்டால், முன்பின் தெரியாத இந்த ஊரில் அவளை விட்டுவிட்டுத் தான் மட்டும் ரயிலேற வேண்டும்.

மூன்றாவது மாடியில் ஒரு அறைக்கதவைத் தள்ளித் திறந்து சுவரைத் தட்டினார் தொப்பிக்காரர்.

“ஒம்போது இஞ்ச் சுவரு. பக்கத்து ரூம்ல கும்மாளம் போட்டாலும் காதுல விழாது. குளிக்கிற எடத்துலதான் தரைக்கு வாட்டம் சரியா விடல. மூலையில தண்ணி நிக்கும், வழுக்கும். பாத்து நடக்கச் சொல்லு.”

“கேட்டுக்கடி. குடிச்ச டம்ளரை நகத்தி வைக்கத் தெரியாது அண்ணே இவளுக்கு. இவளா பாத்து நடப்பா?”

“அம்மா, வந்த எடத்துல மானத்தை வாங்காத.”

ஜன்னலைத் திறந்து ஊரைக் காட்டினார். தகரக் கூரைகள், தண்டவாளம், அதற்கு அப்பால் சந்தை.

“சந்தைக்குப் பதினாலாம் நம்பர் பஸ்ஸு. சோப்பு, சீப்பு எல்லாம் அங்க வாங்கு. காலேஜ் வாசல்ல வாங்கினா தோலை உரிச்சுடுவான். ரயிலடிக்குப் பின்னால ஒரு சந்து இருக்கு, பொழுது சாஞ்சா அந்தப் பக்கம் போகாத. அந்த வெள்ளைக் கட்டடம் தெரியுதா? பெரியாஸ்பத்திரி. வண்டியில பன்னெண்டு நிமிஷம். ரயில்வே கேட்டு மூடியிருந்தா இருபத்தஞ்சு.”

“நிமிஷக் கணக்குகூட வச்சிருக்கீங்களே!” என்று சிரித்தாள் சலவைக்காரி. அவர் சிரிக்கவில்லை.

கீழே இறங்கினார்கள். முற்றத்தில் நீரூற்று ஆள் உயரத்துக்குத் துள்ளியது. “இங்க தண்ணி வானத்துக்குப் பீச்சுது. நம்ம தெருக் குழாய்ல தரைக்குக்கூட வர மாட்டேங்குது” என்றாள். மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று தோன்றியது.

“இவ்வளவு விவரம் தெரியுதே, உங்க பிள்ளையும் இங்கதான் படிச்சுதா அண்ணே?”

“ரெண்டு வருஷம்.”

படிப்பு நாலு வருஷமாயிற்றே என்று மகள் கேட்க வாயெடுத்தாள். அதற்குள் ஒலிபெருக்கி, கையெழுத்துக்கு இன்னும் கால்மணி நேரமே இருப்பதாகக் கத்தியது. மூவரும் நூலகத்தின் முன்னால் வந்திருந்தார்கள். வாசலுக்கு மேலே ஒரு அகலமான தளம், தாங்கத் தூணே இல்லாமல் வெளியே நீண்டிருந்தது. மகள் வெயிலுக்கு ஒதுங்க அதன் அடியில் ஓடினாள்.

“அங்க நிக்காத! வெளிய வா! வா வெளிய!”

அவர் போட்ட சத்தத்தில் மகள் அலறியடித்துக்கொண்டு வெயிலுக்கு வந்தாள்.

“இது புதுசாக் கட்டினது, ஒண்ணும் ஆகாது. ஆனாலும்…” அவருக்கு மூச்சு வாங்கியது. “முன்ன இருந்தது விழுந்துடுச்சு தங்கச்சி. எம் பையன் மழைக்கு ஒதுங்கி நின்னான்.”

சலவைக்காரி மகளை இழுத்து இறுக்கிக்கொண்டாள். “ஐயோ! கட்டின கட்டடம் எப்படிண்ணே விழும்?”

“கான்கிரீட் இறுகற வரைக்கும் அடியில முட்டுக் கம்பு நிக்கணும். இந்த மாதிரித் தளத்துக்கு நாலு வாரம். திறப்பு விழாவுக்கு நாள் குறிச்சாச்சுன்னு காலேஜ் முதலாளி அவசரப்படுத்தினாரு. எட்டாம் நாளே மேஸ்திரி கம்பையெல்லாம் உருவிட்டான். விரிசல் விட்டுது. பூசி மறைச்சாங்க. ரெண்டரை வருஷம் தாங்குச்சு.”

“தெரிஞ்சேவா உருவினான்?”

“தெரியாம இருக்குமா? அவன் தொழிலாச்சே.”

தான் அலசிய ரத்தத் துணிகளெல்லாம் கண்ணுக்குள் வந்து நின்றன.

“அவன் வெளங்குவானா? அவன் பெத்ததுக்கு இப்படி ஒண்ணு வந்தாத்தான் அந்தப் பாவிக்குப் புரியும்!” மண்ணை வாரித் தூற்றாத குறையாகக் கத்தினாள். “எதைக் காட்டிண்ணே அவனை மசிய வச்சாங்க? எவ்வளவு குடுத்தாங்க?”

தொப்பிக்காரர் அந்தத் தளத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“எம் பையனுக்கு இங்க ஒரு சீட்டு தர்றேன்னாங்க, தங்கச்சி.”