முத்துராஜுக்கு ஒரு சீட்

"தலைவரே, கப்பல் லிஸ்ட் வந்துடுச்சா?"

முகக்கவசத்தை மூக்குக்குக் கீழே இறக்கிவிட்டுக்கொண்டு கேட்டார் ஸ்ரீதர். தீவுத் தலைநகரில், அபர்டீன் பஜாரில் மெடிக்கல் ஷாப் வைத்திருப்பவர். அவர் கேட்டது பக்கத்துக் கடை ராஜமாணிக்கத்தை. ஊரில் உள்ள முப்பத்தொரு மருந்துக் கடைகளுக்கும் சேர்த்து ஒரு சங்கம் உண்டு. அதன் தலைவர் ராஜமாணிக்கம்.

"நாலு மணிக்குன்னு சொல்லியிருக்காங்க. முதல்ல மாஸ்க்கை மேல ஏத்துய்யா. மருந்துக் கடைக்காரனே இப்படி இருந்தா ஊர் உருப்படுமா?"

"பேசும்போது மூச்சு முட்டுது தலைவரே."

"அப்போ பேசாதே."

2020 ஜூலை மாதம். சங்கத்தின் செயலாளர் முத்துராஜ், மனைவி ஷோபனாவின் கண் ஆபரேஷனுக்காக மார்ச்சில் சென்னைக்குப் போனவர், ஊரடங்கில் அங்கேயே மாட்டிக்கொண்டார். மண்ணடியில் ஒரு லாட்ஜ் அறையில் இருவரும் நாலு மாதமாக அடைந்து கிடக்கிறார்கள். இங்கே பக்கத்துத் தீவில், ஹட் பேயில் முத்துராஜின் அம்மா பேச்சியம்மா படுத்த படுக்கையாகி மூன்று வாரம் ஆகிறது. மகனைப் பார்க்காமலே போய்விடுவோமோ என்பதுதான் அவளுடைய ஒரே பயம்.

இப்போதுதான் தீவுக்காரர்களை ஏற்றிவரச் சென்னையிலிருந்து ஒரு கப்பல் விடுகிறார்கள். இருப்பது முந்நூறு இடம். கேட்பது மூவாயிரம் பேர். அடுத்த கப்பல் எப்போது என்று யாருக்கும் தெரியாது. முத்துராஜுக்காக ராஜமாணிக்கம் ஏழு மனு கொடுத்திருக்கிறார்.

கொரோனாவுக்கு முன்பெல்லாம் சங்கம் என்றால் வருடத்துக்கு ஒரு பிரியாணி, ஒரு குரூப் போட்டோ. அவ்வளவுதான். கொரோனா வந்த பிறகுதான் ராஜமாணிக்கத்துக்குத் தான் தலைவர் என்பதே உறைத்தது. மெயின்லேண்டிலிருந்து வரும் கொஞ்சநஞ்ச சரக்கை எல்லாக் கடைகளுக்கும் சமமாகப் பிரித்துக் கொடுத்தார். எந்தக் கடை எத்தனை மணிக்குத் திறக்க வேண்டும் என்று முறை வைத்தார். உறுப்பினர்கள் அவர் பேச்சை மீறுவதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் தலைகால் புரியாமல்தான் இருந்தது.

ராஜமாணிக்கத்தின் கடைக்கு முன்னால் கட்டியிருந்த கயிற்றுக்கு அப்பால் ஒரு பெண் தயங்கி நின்றாள். பின்தெருவில் குடியிருக்கும் அங்கம்மா.

"என்னம்மா, காய்ச்சலா?"

"எனக்கில்ல சார், மவனுக்கு. உடம்பு கொதிக்குது. மாத்திரை வாங்கினா பேரு எழுதணுமாமே? எழுதினா வீட்டோட அள்ளிக்கிட்டுப் போயிடுவாங்களாம். கைக்குழந்தை இருக்கு சார்."

காய்ச்சல் மாத்திரை வாங்குகிறவர்களின் பெயரையும் விலாசத்தையும் நோட்டில் எழுதி, மாதம் ஒருமுறை சுகாதார ஆபீஸில் ஒப்படைக்க வேண்டும் என்பது உத்தரவு. அதற்குப் பயந்தே பாதி ஜனம் மருந்துக் கடைப் பக்கம் வருவதை நிறுத்தியிருந்தது.

"உன் பேரை இங்க யாரும்மா கேட்டா? இந்தா, மாத்திரையை மகனுக்குக் குடு. மூணு நாள்ல குறையலைன்னா எனக்கு போன் பண்ணு. டாக்டர்கிட்ட நானே பேசறேன்."

அங்கம்மா கும்பிட்டுவிட்டுப் போனாள். ராஜமாணிக்கம் நோட்டை இழுத்து, யோசிக்காமல் ஒரு வரி எழுதினார்.

ஸ்ரீதர் சிரித்தார். "பலே ஐடியா தலைவரே. எல்லாக் கடை நோட்லயும் ஒரே பூட்டின வீட்டு விலாசம். ஆம்புலன்ஸ் வந்தா பூட்டைப் பார்த்துட்டுப் போக வேண்டியதுதான்."

"மாட்டிக்க மாட்டோம்ல?" என்றும் கேட்டுவைத்தார்.

"ஆபீஸ்ல அந்த நோட்டையெல்லாம் யாருய்யா படிக்கிறான்? வாங்கி அலமாரியில வைப்பான். டீக் ஹை! உத்தரவும் நிறைவேறிச்சு, ஜனத்துக்கும் மருந்து கிடைச்சுது. சங்கம்னா வேற எதுக்கு இருக்கு?"

செல்போன் அடித்தது. சென்னையிலிருந்து முத்துராஜ்.

"அண்ணே, ஏதாவது தெரிஞ்சுதா?"

"இன்னும் பத்து நிமிஷம்டா."

"நேத்து அம்மாகிட்ட போனைக் குடுத்தாங்கண்ணே. பேச்சே வரல. மூச்சு சத்தம் மட்டும்தான் கேட்டுச்சு." முத்துராஜின் குரல் உடைந்தது. "இந்தக் கப்பலை விட்டா அவ்வளவுதாண்ணே."

"பைத்தியக்காரா, அழாதே. நீ பெட்டியைக் கட்டு. உனக்காக இந்தச் சங்கமே நிக்குது. உன்னை அம்மாகிட்ட கொண்டுவந்து சேர்க்கிறது என் பொறுப்பு."

நாலு மணி தாண்டிப் பத்து நிமிடம் ஆனதும் விஜயலட்சுமி கூப்பிட்டாள். கப்பல் மனுக்களை வாங்கும் ஆபீஸில் கிளார்க். ஏழு மனுவையும் வாங்கி முத்திரை குத்தியவள் அவள்தான்.

"சார், லிஸ்ட் வந்துடுச்சு. முத்துராஜ் பேர் இல்ல. ரிஜெக்ட் பண்ணிட்டாங்க."

"அரே, என்னம்மா சொல்ற?" ராஜமாணிக்கம் கத்திய கத்தலில் ஸ்ரீதர் எழுந்து நின்றுவிட்டார். "அவங்க அம்மா சாகக் கிடக்கிறாங்க. நாலு மாசமா லாட்ஜ்ல கிடக்கிறவனுக்கு இல்லாம, வேற யாருக்கும்மா குடுப்பீங்க?"

"என்னைத் திட்டாதீங்க சார். சுகாதார ஆபீஸ்ல உங்க சங்கத்து நோட்டையெல்லாம் போன வாரம் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டாங்க. அதையும் கப்பல் மனுவையும் ஒத்துப் பார்த்துத்தான் லிஸ்ட் போட்டிருக்காங்க."

"அதனால?"

"இந்த ஊர்லயே முப்பத்தொரு கடையிலயும் காய்ச்சல் மாத்திரை வாங்கிக்கிட்டு, வீட்டைப் பூட்டிட்டு ஒளிஞ்சு திரியிற முத்துராஜுக்கு, சென்னையிலேர்ந்து எப்படி சார் சீட் குடுப்பாங்க?"