இரட்டை வால் பாம்பு

தொமாசாவின் விரல்களில் மலை ஒட்டகமான லாமாவின் கொழுப்பு வாடை அடித்தது. அதை மோந்து பார்த்த பிறகுதான் அவள் புருஷன் எவரிஸ்தோவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“பூசிட்டியா?” என்றான் மெதுவாக.

“பூசிட்டேன். யாரும் பார்க்கல.” அவள் கறுப்புச் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். தம்பி சிரிலோ செத்த நாளிலிருந்து அதைக் கழற்றவேயில்லை.

சிரிலோ கால் தவறிப் பள்ளத்தில் விழுந்தான் என்றுதான் எவரிஸ்தோ ஊரில் சொல்லியிருந்தான். சாட்சி யாரும் இல்லை. ஆனால் லாமா மந்தைக்குத் தண்ணீர் காட்டுவதில் மச்சான்கள் இருவரும் கட்டிப் புரண்டது ஊருக்கே தெரியும். முணுமுணுப்பு அடங்கவில்லை, விவகாரம் பாம்புக் கல்லுக்குப் போய்விட்டது.

எந்தக் காலத்திலோ யாரோ அந்தப் பாறையில் பாம்பு வடிவில் குடைந்து வைத்த கால்வாய் அது. தலையில் சோளக் கள்ளை ஊற்றினால் நெளிந்து நெளிந்து இறங்கும். வால் இரண்டாகப் பிரியும். ஒன்று மலைக்கழுகின் அலகுக்கு, மற்றது பூமாப் புலியின் வாய்க்கு.

கழுகு குடித்தால் குற்றமில்லை. பூமா குடித்தால், சிரிலோ விழுந்த பள்ளத்திலேயே எவரிஸ்தோவையும் தள்ளிவிடுவார்கள்.

“பூமா வழியில கொழுப்பை அப்பிடு, கள்ளு அந்தப் பக்கம் ஏறாது” என்று சொல்லிக்கொடுத்ததே அவன்தான். படையல் கொழுப்பு எப்போதும் படிந்து கிடக்கும் கல், யாருக்குச் சந்தேகம் வரப்போகிறது? தம்பியைப் பறிகொடுத்தவள் புருஷனையுமா விட்டுக்கொடுப்பாள்?

கல்லைச் சுற்றி ஊரே நின்றது. ஒருவரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. தலைவர் லியாந்த்ரோ கள் குடத்தோடு முன்னால் வந்தார்.

“இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகலப்பா. உன் வாயால சொல்லிட்டா, ஊரை விட்டு அனுப்பறதோட சரி. கல்லு சொல்லிட்டா எங்க கையில எதுவும் இல்ல.”

“ஊத்துங்க பெரியவரே. எனக்கென்ன பயம்?”

அவர் ஊற்றினார். கள் நுரைத்துக்கொண்டு பாம்பின் முதுகில் இறங்கியது. வால் பிரிகிற இடத்தில் ஒரு கணம் தேங்கி நின்றது.

பிறகு பூமாவின் பக்கம் திரும்பியது.

எவரிஸ்தோ ஓரடி முன்னால் வந்து பார்த்தான். கொழுப்பையும் தாண்டி எப்படிப் போகும்? பூமாவின் கல் வாய் நிறைந்து வழிந்தது. அப்படியானால் அது வெறும் கல் இல்லை. அன்று பள்ளத்தின் விளிம்பில் நடந்ததை அது பார்த்திருக்கிறது.

“அதுக்குத் தெரிஞ்சுபோச்சு” என்று மண்டியிட்டு விழுந்தான். “நான்தான் தள்ளினேன். பின்னாலேருந்து தள்ளிவிட்டேன்.”

லியாந்த்ரோ குடத்தைக் கீழே வைத்தார். இரண்டு பேர் வந்து எவரிஸ்தோவின் கைகளைப் பின்னால் கட்டினார்கள்.

தொமாசா புருஷனிடம் விடைபெறுகிறவளைப் போலக் குனிந்தாள். அவன் காதோடு வாய் வைத்துச் சொன்னாள்.

“நான் கழுகு வழியிலதான் பூசினேன்.”