நேரம் கெடக்கு

விசில் கேட்டது. பஸ் கிளம்பியது.

அவன் முன்கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். மடக்கிய வெள்ளைத் தடி மடியில் கிடந்தது.

பக்கத்தில் செண்பகம் இல்லை.

காலில் கட்டுப் பிரித்த நாளிலிருந்து ஏழு மாதமாக அங்கே மனைவிதான் உட்கார்ந்து வந்தாள். அவனைப் பள்ளிக்கூட வாசலில் விட்டுவிட்டு, வேறு பஸ் பிடித்துத் தையல் கம்பெனிக்கு ஓடுவாள். தினமும் தாமதம். திங்கள்கிழமையிலிருந்து நேரத்துக்கு வா, முடியாவிட்டால் நின்றுகொள் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள்.

இன்று திங்கள்கிழமை.

இன்றிலிருந்துதான் பஸ் பேசும் என்று போக்குவரத்துக் கழகத்திலிருந்து கடிதமும் வந்திருந்தது. அந்த ஒரு கடிதத்தை நம்பி அவனைத் தனியாக ஏற்றிவிட்டாள்.

முதல் ஸ்டாப் வந்தது. போனது.

பஸ் பேசவில்லை.



முன்பெல்லாம் அவன் தனியாகத்தான் போய்வந்தான். வளைவுகளை எண்ணுவான். நாலாவது வளைவு, காபிக்கொட்டை வறுக்கிற வாசனை, ஒரு வேகத்தடை, அப்புறம் வாய்க்கால் பாலம். பள்ளிக்கூடம் அங்கேதான். பதினோரு வருடம் தப்பியதில்லை. ஒருநாள் ரோட்டைத் தோண்டிப் போட்டு பஸ்ஸைச் சுற்றுவழியில் விட்டார்கள். வாய்க்கால் பாலமா என்று கேட்டான். யாரோ ஆமாம் என்றார்கள்.

இறங்கிய இடத்தில் தரை இல்லை. சாக்கடை இருந்தது.

கால் ஒடிந்து கட்டிலில் கிடந்தபோதுதான் மனு எழுதினார்கள். அவன் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். அவன் வரலாற்று வாத்தியார். மனுவையும் பாடம் நடத்துகிற தோரணையில்தான் சொன்னான்.

'ஒவ்வொரு நிறுத்தத்தையும் முன்கூட்டியே கீழ்க்கண்டவாறு ஒலிபெருக்கியில் அறிவிக்க வேண்டுகிறேன். அடுத்த நிறுத்தம், வாய்க்கால் பாலம்.'

அவ்வளவுதான் சொன்னான். அவள் தன் விரலைப் பிடித்து வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டான்.

தலைக்கு மேலே கரகரவென்று ஏதோ இரைந்தது.

"அடுத்த நிறுத்தம், பால்பண்ணை."

வானொலியில் செய்தி வாசிக்கிற மாதிரி ஒரு பெண்குரல். அட்சரம் பிசகாத தமிழ். அவன் மூச்சை விட்டான். பேசிவிட்டது!

குரல் முடிக்கவில்லை. ஒரு நொடி நிறுத்தி, அதே செய்திக் குரலில் சொன்னது.

"மெதுவா எந்திரிங்க. நேரம் கெடக்கு."

பஸ்ஸே சிரித்தது.

"ஆத்தாடி, மிஷினு நம்மள மாதிரில்ல பேசுது!" என்றாள் கூடைக்காரம்மா ஒருத்தி.

"மனுவுல இருந்தத அப்படியே எடுத்துப் போட்டாகளாம்" என்றார் கண்டக்டர். "கீழ்க்கண்டவாறுன்னு எழுதியிருந்துச்சாம். கீழ கண்டதெல்லாம் போட்டுட்டாக."

அவன் சிரிக்கவில்லை.

அந்த வரியை அவன் சொல்லவே இல்லை.

ஆனால் அது அவனுக்குத் தெரியும். கட்டுப் போட்ட காலோடு கட்டிலிலிருந்து எழப் பார்த்தபோதெல்லாம் கேட்ட வரி. ஏழு மாதம், தினமும் காலையில், வாய்க்கால் பாலம் வருவதற்கு முன்னால் காதோரம் கேட்ட வரி.

வாத்தியார் சொன்னதற்குக் கீழே, வாத்தியாருக்குத் தெரியாமல் ஒரு வரி சேர்த்திருக்கிறாள். இத்தனை நாள் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. என்ன துணிச்சல் இவளுக்கு!

"அடுத்த நிறுத்தம், பழைய மில் கேட். மெதுவா எந்திரிங்க. நேரம் கெடக்கு."

"இந்தா, எந்திரிச்சிட்டேன் தாயி" என்று கூடைக்காரம்மா கூரைக்குப் பதில் சொன்னாள். மறுபடி சிரிப்பு. பஸ் நின்றது. கூடை ஒவ்வொரு படியாக இறங்குவது கேட்டது. சீக்கிரம், சீக்கிரம் என்று யாரும் கத்தவில்லை. விசில் ஊதவில்லை. நேரம் கெடக்கு என்று பஸ்ஸே சொன்ன பிறகு கண்டக்டர் எந்த வாயால் விரட்டுவார்?



அவள் எழுதிய ஒரு வரிக்காக ஒரு பஸ் நிற்கிறது. ஒரு பஸ்ஸா? இந்நேரம் ஊரில் ஓடுகிற அத்தனை பஸ்ஸிலும் அவள் சொல்லிக்கொண்டிருப்பாள். முழங்கால் வலிக்காரருக்கு, பிள்ளைத்தாச்சிக்கு, கையில் குழந்தை வைத்திருப்பவளுக்கு. அடேயப்பா, எத்தனை பேருக்கு!

நாலாவது வளைவு வந்தது.

முன்பெல்லாம் இங்கேயே எழுந்து படிக்கட்டுப் பக்கம் போய்விடுவான். இன்றும் கால்கள் தானாக எழப் பார்த்தன. கம்பியை இறுகப் பிடித்தான்.

எழவில்லை.

காபிக்கொட்டை வாசனை வந்தது. வேகத்தடையில் பஸ் ஏறி இறங்கியது. குரலைக் காணோம். அப்போதும் எழவில்லை.

"அடுத்த நிறுத்தம், வாய்க்கால் பாலம்."

அவன் காத்திருந்தான்.

"மெதுவா எந்திரிங்க. நேரம் கெடக்கு."

எழுந்தான். தடியை விரித்தான். படி, படி, இன்னொரு படி.

தரை இருந்தது.

அவன் நடைபாதையில் ஏறிய பிறகுதான் பின்னால் விசில் கேட்டது.

போன் அடித்தது. அந்தப் பக்கம் தையல் மெஷின்களின் இரைச்சல். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு தைக்கிறாள்.

"எறங்கிட்டீங்களா?"

"மெதுவாத்தான் எறங்குனேன். நேரம் கெடக்குன்னு பஸ்ஸே சொல்லுது."

மற்ற மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. போனுக்குப் பக்கத்தில் ஓடிய ஒன்று மட்டும் நின்றது.