தேய்க்காத அட்டை

அந்த அம்மாள் அட்டையின் முகப்பைப் பார்க்கவே இல்லை. கிளிஃபுக்கு அங்கேயே சந்தேகம் தட்டியது.

இங்கிலாந்தின் போல்ட்டன் ஊர்த் தேவாலயக் கூடத்தில் நடக்கும் கால்பந்து அட்டைச் சந்தையில் அவர் கடை போடாத ஞாயிறு கிடையாது. வாங்க வருகிறவர்கள் முதலில் மூலைகளைப் பார்ப்பார்கள், மடிப்பு தேடுவார்கள். சிலர் மோந்துகூடப் பார்ப்பார்கள். ஆட்டக்காரர் படம் போட்டு பபிள்கம்மோடு வந்த அட்டைகள்; அறுபது வருடத்துக்கு முந்தைய அந்த வாசனை இன்னும் லேசாக ஒட்டியிருக்கும்.

இவள் நேராகப் பின்பக்கத்தைத் திருப்பினாள்.

'ராய் ஹிண்டில் பந்தாட வருமுன் என்ன வேலை பார்த்தார்?'

கேள்விக்குக் கீழே வெற்றுக் கட்டம். நாணயத்தால் தேய்த்தால் பதில் தெரியும். அந்தக் காலத்துப் பிள்ளைகள் கை சும்மா இருக்காமல் எல்லாவற்றையும் தேய்த்துத் தள்ளிவிட்டார்கள். அதனால்தான் தேய்க்காத அட்டைக்கு இன்று பல மடங்கு விலை.

தேய்த்த ஹிண்டில் அட்டை ஒன்றும் கிளிஃபிடம் இருந்தது. சல்லிசாகத் தருவதாகச் சொல்லி எடுக்கப் போனார்.

"வேண்டாம்ப்பா. இன்னொருத்தர் தேய்ச்சுச் சொன்னதை ஒருதரம் நம்பியாச்சு."

இது என்ன பேச்சு?

அவள் பார்வை அடிக்கடி ஜன்னலுக்குப் போனது. வெளியே மழையில் ஒரு கார். உள்ளே தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டு ஒரு கிழவர் சிப்ஸ் தின்றுகொண்டிருந்தார். சரிதான், ஆட்டி வைக்கிறவர் அங்கே இருக்கிறார். ஹிண்டில் விலை ஏறப்போவது எவனுக்கோ முன்கூட்டியே தெரிந்திருக்கிறது.

கிளிஃப் நானூறு பவுண்டு என்றார். அவள் பேரம் பேசாமல் கொடுத்தாள். குறைத்துக் கேட்டுவிட்டோமே என்று அவருக்கு வயிறு எரிந்தது.

அவள் பர்ஸிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்தாள். அட்டையை மேஜைமேல் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தாள்.

"ஏம்மா, காசைக் கரியாக்குறீங்களே!"

சாம்பல் நிறத்தில் எழுத்துகள் எழுந்தன. சுரங்கத் தொழிலாளி.

அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் கசாப்புக்காரர்னு சொன்னேன். எங்கண்ணன் சுரங்கம்னான். சரியா சொன்னவங்களைத்தான் அப்பா மேட்சுக்குக் கூட்டிட்டுப் போறதா இருந்தார். அண்ணன்தான் தேய்ச்சுப் பார்த்தான். 'நீதான் ஜெயிச்சே, போ'ன்னு சொல்லிட்டு அட்டையை நெருப்புல போட்டுட்டான். அன்னிக்கே அவன் மூஞ்சி சரியில்லை."

எழுந்து மழையில் இறங்கிப் போனாள்.

கிளிஃப் ஜன்னலோரம் வந்து நின்றார். அவள் அட்டையின் பின்பக்கத்தைக் கார்க் கண்ணாடியில் வைத்து அழுத்தினாள். கிழவர் படித்தார். பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

அவள் கதவைத் திறந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பொட்டலத்தில் மிஞ்சியிருந்த ஒரே சிப்ஸை அவர் அவளிடம் நீட்டினார்.

அவள் அதைப் பிடுங்கி அவர் வாயிலேயே திணித்தாள்.