முதல் அடி

ஜெயமங்கலம் பெண்கள் பஜனைக் குழுவில் முதல் அடியை எடுத்துக் கொடுத்துவந்தவர் சுப்புத்தாய். பாடுமுன் வாயில் அடக்கியிருக்கும் ஏலக்காயை எடுத்துப் பக்கத்தில் நிற்கும் அனுசுயாவின் கையில் வைத்துவிடுவார். பாட்டு முடியும்வரை அவள் அதை வைத்திருக்க வேண்டும். அந்த எச்சில் ஏலக்காயைப் பொத்திப் பிடித்தே அனுசுயாவுக்கு இருபது வருடம் போய்விட்டது.

சுப்புத்தாய் இறந்து இரண்டு வருடமாகிறது. இனி முதல் அடி அனுசுயாவுக்கு என்று எல்லோரும் சேர்ந்துதான் முடிவு செய்தார்கள். ஆனால் ஒவ்வொரு ஒத்திகையிலும் அவள் வாயைத் திறக்குமுன்னே யாரோ எடுத்துவிடுகிறார்கள்.

"எவடி அது? அம்பதாம் வருச விழாவுலயாச்சும் என்னைய எடுக்க விடுங்கடி."

"நீங்கதானக்கா எடுத்தீக" என்றார்கள், ஒருத்தி பாக்கியில்லாமல்.

விழா மேடையில் அனுசுயா ஒரு முடிவோடு நின்றாள். வாயையே திறப்பதில்லை, அந்தத் திருடி யாரென்று இன்று பார்த்துவிடுவது. உதட்டை இறுக்கி, விரல்களை மடக்கிக்கொண்டு, மற்ற இருபத்தோரு வாய்களையும் பார்த்தாள். ஒன்றும் அசையவில்லை. முதல் அடி மைக்கில் கணீரென்று வந்தது. அதன் பிறகுதான் எல்லோரும் பாடினார்கள்.

பாட்டு முடிந்ததும் விழாக் கமிட்டித் தலைவர் ஈஸ்வரபாண்டி அவளுக்குப் பொன்னாடை போர்த்தினார்.

"சுப்புத்தாயக்கா பாடுன மாதிரியே இருந்துச்சு."

"நான் பாடவே இல்ல" என்று சீறினாள் அனுசுயா.

அவர் சிரித்துக்கொண்டே நகர்ந்தார். பொன்னாடை தோளிலிருந்து நழுவியது. அதைப் பிடிக்க, இவ்வளவு நேரம் மடக்கியிருந்த விரல்களை விரித்தாள்.

உள்ளங்கையில் ஓர் ஏலக்காய் ஈரமாக ஒட்டியிருந்தது.