கூஜாவின் அடி

"எங்க புதைச்சாங்களாம்? சொல்லு" என்றாள் மேவிஸ், தலையணையிலிருந்து தலையைத் தூக்காமலே.

அவள் கணவர் நார்மன் நனைந்த கோட்டைக் கழற்றி, ஆஸ்பத்திரி நாற்காலியில் போட்டார். உள்பையில் ஆவணக் காப்பகத்தில் எடுத்த நகல் இருந்தது. அதை வெளியே எடுக்கவில்லை.

இருநூறு வருஷத்துக்கு முன், மூன்றாம் ஜார்ஜ் மன்னர் காலத்தில், இங்கிலாந்தின் எக்ஸிடர் ஊரில் வெள்ளி வேலை செய்த ஜேபஸ் ஹார்ன், மேவிஸின் மூதாதை. அவர் தொழில் கற்கச் சேர்ந்தது, தன் பெயருக்கு முத்திரை பதிந்துகொண்டது, கல்யாணம், பிள்ளைகளின் ஞானஸ்நானம் எல்லாவற்றையும் நார்மன் தேடி எடுத்துவிட்டார். சாவு மட்டும் எந்தத் தேவாலயப் பதிவிலும் இல்லை.

"அவர் எப்படிப் போனார்னு தெரியாம நான் போகமாட்டேன்" என்று ஆஸ்பத்திரிக்கு வந்த அன்றே மேவிஸ் சொல்லிவிட்டாள். பிடிவாதத்தில் அவளை மிஞ்ச ஆளில்லை.

இன்று காலை கிடைத்தது. நார்மன் தேடவே நினைக்காத நீதிமன்றப் பதிவுகளில்.

ஜேபஸைத் தூக்கில் போட்டிருந்தார்கள்.

அந்த நாளில் வெள்ளிச் சாமானின் எடைக்கு ஏற்ப அரசருக்கு வரி. கட்டினால்தான் முத்திரை விழும். ஜேபஸ் ஒரு சின்னத் தட்டுக்கு மட்டும் வரி கட்டி முத்திரை வாங்குவார். முத்திரை விழுந்த துண்டை வெட்டியெடுத்து, வரி கட்டாத பெரிய கூஜாவின் அடியில் பற்றுப்பொடி வைத்து உருக்கி ஒட்டிவிடுவார். பிடிபட்டால் கயிறு.

நார்மன் நேராக வீட்டுக்குப் போய் அலமாரியிலிருந்த காபிக் கூஜாவை எடுத்தார். ஜேபஸ் செய்தது. மேவிஸின் பிறந்த வீட்டுப் பெருமையெல்லாம் அதில்தான். கல்யாணமான நாளிலிருந்து அதைத் துடைக்க அவள் வேறு யாரையும் விட்டதில்லை. அவர் தொட்டாலே கையில் ஒரு தட்டு விழும்.

கவிழ்த்துப் பிடித்து, முத்திரைகளின் மேல் வாயால் ஊதினார். வெள்ளியில் ஆவி படர்ந்தது. முத்திரைகளைச் சுற்றி மயிரிழை போல ஒரு வட்டக் கோடு, துண்டை ஒட்டிய தடம், தெரிந்தது. ஆவி காய்ந்ததும் மறைந்துவிட்டது.

சாகக் கிடப்பவளிடம் இதை எப்படிச் சொல்வது?

"மென்னு முழுங்காம சொல்லு, நார்மன்."

"ஆத்தோரத்துக் கோயில் தோட்டத்துல. பெண்டாட்டி பக்கத்துலயே. வயசாகித்தான் போயிருக்கார். ஊரே வந்துச்சாம்."

மேவிஸ் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"நல்ல மனுஷன்" என்றாள். யாரைச் சொன்னாள் என்று அவர் கேட்கவில்லை.

பிறகு கையை நீட்டினாள். கூஜாவைக் கொண்டுவரச் சொன்னதே அவள்தான். அவர் தோள்பையிலிருந்து எடுத்து, கனம் தாங்கமாட்டாள் என்று தானும் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டார். அவள் அதைத் திருப்பி, அடிப்பக்கத்தை வாயருகே கொண்டுபோனாள்.

"விடு, நான் துடைக்கிறேன்" என்று அவர் பதறுவதற்குள் ஊதிவிட்டாள்.

நார்மன் முத்திரைகளையே பார்த்தார். கோடு வரவில்லை. அப்பாடா என்றிருந்தது.

அவள் மறுபடியும் ஊதினாள். வாய் திறந்தது, தோள் எழுந்து தணிந்தது. வெள்ளி துளியும் மங்கவில்லை. முத்திரைகள் பளிச்சென்று அப்படியே இருந்தன.

ஏன் கோடு வரவில்லை என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அவளிடம் மூச்சே இல்லை.

அவள் கூஜாவை அவர் பக்கம் தள்ளினாள்.

"கண்ணாடி இல்லாம எனக்குத் தெரியல. வட்டமா ஒரு கோடு வருமே, வந்திருக்கா பாரு."

நார்மன் கூஜாவை வாங்கி, தானே ஊதினார்.

"வந்திருக்கு" என்றார்.